கேலரியா, வாடகை அரங்கா, ஆர்டரா, இன்ஸ்டாகிராமா? சென்னையில் ஓவியராகப் பெயர் எடுக்க எந்த வழி?

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவர் வியாசர்பாடியைச் சேர்ந்த பெண். கவின்கலைக் கல்லூரி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. சேமிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். அதை மொத்தமாகப் போட்டுத் தனிக் கண்காட்சி நடத்தலாமா என்று கேட்டார். இரண்டாமவர் மடிப்பாக்கத்து வங்கி ஊழியர், வயது 44. இருபது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்வண்ணம் வரைகிறவர். படங்களைக் காட்சிக்கு வைத்து விற்றுத் தரும் கேலரி ஒன்று விற்ற விலையில் நாற்பது சதவீதம் கேட்கிறதே, அநியாயம் இல்லையா என்றார். மூன்றாமவர் இன்ஸ்டாகிராமில் பெரிய கூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கும் இளைஞர். “எல்லோரும் பாராட்டுகிறார்கள் சார், ஆனால் ஓவியர்கள் கூடும் இடத்துக்குப் போனால் என்னை யாருக்கும் தெரியவில்லை” என்றார்.

மூவரிடமும் தனித்தனியாகப் பேசியதை ஒன்றாக்கி எழுதுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரில் வரைந்து பிழைக்கிறவன் நான். கீழே வரும் ஐந்து வழிகளில் நான்கில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது விருது. அதில் சுட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியதே இல்லை.

## எதை வைத்து அளப்பது?

அடையாறில் ஒரு கட்டட வடிவமைப்பாளர், தான் கட்டும் வீட்டின் கூடத்துக்கு ஓவியம் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் இல்லை. உங்கள் பெயரை அங்கே யார் எடுப்பார்கள்? கலைஞனின் நற்பெயர் என்று நான் சொல்வது இதைத்தான். நாம் இல்லாத இடத்தில் நமக்காக ஒருவர் வாய் திறப்பது. அந்த ஒருவர் யார் என்பது வழிக்கு வழி மாறும். ஆகவே முதல் அளவுகோல், சாட்சி யார்.

இரண்டாவது, விலை நிற்குமா. இன்று இருபதாயிரம் சொன்ன படத்தை நாளை எட்டாயிரத்துக்குக் கொடுக்கும்படி ஆகுமா? மூன்றாவது, படத்தின் மீதான உரிமை யார் கையில் இருக்கும். பலர் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. நான்காவது, கைக்காசும் காலமும்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

| வழி | சாட்சி யார் | விலை | உரிமை | கைக்காசு | காலம் |
|---|---|---|---|---|---|
| வாடகை அரங்கு | வந்து பார்த்தவர்கள், சக ஓவியர்கள் | நம் நாக்கைப் பொறுத்தது | நம்மிடம் | அதிகம் | ஒரு வாரக் காட்சி, ஓராண்டு உழைப்பு |
| கேலரி | கேலரிக்காரர், சேகரிப்பாளர்கள் | நிற்கும் | நம்மிடம் | குறைவு, ஆனால் கழிவு (கமிஷன்) உண்டு | ஆண்டுக்கணக்கு |
| ஆர்டர் வேலை | வாடிக்கையாளர் | ஆளுக்கு ஆள் மாறும் | எழுதி வாங்காவிட்டால் போய்விடும் | இல்லை, பணம் வரும் | உடனடி |
| விருது, போட்டி | நடுவர்களான ஓவியர்கள் | உயர உதவும் | நம்மிடம் | நடுத்தரம் | சொல்ல முடியாது |
| இன்ஸ்டாகிராம் | முகம் தெரியாத கூட்டம் | தடுமாறும் | நம்மிடம், ஆனால் நகல் எடுப்பார்கள் | குறைவு | தினமும் |

## வாடகை அரங்கில் தனிக் கண்காட்சி

கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதமி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓவியர்கள் கிராமமான சோழமண்டலம், இன்னும் சற்றுத் தள்ளி முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் என்று படம் மாட்ட இடங்கள் இருக்கின்றன. விண்ணப்பித்து, தேதி கிடைத்து, பணம் கட்டினால் ஒரு வாரம் சுவர் நமக்கு.

என் முதல் தனிக் கண்காட்சி 2003 நவம்பரில். இருபத்திரண்டு படங்கள். அரங்க வாடகையைக் கஷ்டப்பட்டுச் சேர்த்துவிட்டேன். ஃபிரேம் கடைக்காரர் கொடுத்த சீட்டைப் பார்த்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. வாடகையைப்போல ஒன்றரை மடங்கு! சீட்டைத் திருப்பி நீட்டினேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்காமலே, “படம் எப்படி இருந்தாலும் சார், ஃபிரேம் கோணலாக இருந்தால் ஜனம் படத்தைத்தான் கோணல் என்று சொல்லும்” என்றார். கடன் சொல்லி எடுத்துப் போனேன்.

அதற்குப் பிறகு வண்டிச் சத்தம், அழைப்பிதழ், திறப்பு நாளன்று தேநீர், மாட்டுவதற்கு இரண்டு ஆட்கள், ஒரு வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து போன வருமானம். நவம்பர் என்றேனே, மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்று வந்தவர்கள் எல்லாம் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

பார்வையாளர் நோட்டில் மொத்தம் அறுபத்து மூன்று கையெழுத்துகள். அவற்றில் நாற்பதுக்கு மேல் சொந்தக்காரர்களும் கல்லூரி நண்பர்களும். “வாழ்த்துகள்”, “மேன்மேலும் வளர்க”, அத்தை ஒருத்தி “கண் படும், சுற்றிப் போடு”. நடுவே கோணல்மாணலான கையெழுத்தில் ஒரே ஒரு வரி: “மூன்றாம் சுவரில் இரண்டாவது படத்தை வேறு யாரோ வரைந்திருக்கிறார்கள். அந்த ஆள் தொடர்ந்து வரைய வேண்டும்.” பெயர் இல்லை. அந்தப் படத்தைக் கடைசி நிமிடத்தில், சுவரில் இடம் காலியாகத் தெரிகிறதே என்று சேர்த்திருந்தேன். அடுத்த நான்கு ஆண்டுகள் அந்த ஒரு படத்தின் வழியிலேயே போனேன். எழுதியவர் யார் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. கிரீம்ஸ் சாலை அகாதமியின் அச்சோவியக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மூத்த ஓவியர். அதன்பிறகு என்னைப் பற்றி இரண்டு இடங்களில் பேசியவரும் அவர்தான்.

வாடகை அரங்கில் கிடைக்கும் அசலான லாபம் இப்படி ஒரு ஆள். விற்பனையை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான்.

இழப்பு வேறு இடத்தில் வந்தது. ஒரு படத்துக்கு இருபதாயிரம் என்று விலைச்சீட்டு ஒட்டியிருந்தேன். மயிலாப்பூர்க்காரர் ஒருவர் பேரம் பேசாமல் வாங்கினார். அதே அளவில், அதே வரிசையில் இன்னொரு படத்தைச் சித்தப்பா கேட்டார். சொந்தத்தில் என்ன கணக்கு என்று எட்டாயிரத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஊர் சிறியது. ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா பெருமையாக விலையைச் சொல்லிவிட்டார். மயிலாப்பூர்க்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் கண்காட்சி எதற்கும் அவர் வரவும் இல்லை. சொந்தக்காரருக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால் சும்மாவே கொடுத்துவிடுங்கள். பரிசுக்கு விலை கிடையாது, அதனால் அது எந்த விலையையும் உடைக்காது.

விற்காத படங்கள் வீட்டுக்குத் திரும்பும். கட்டிலுக்கு அடியில் போகும். அடுத்த மழைக்காலத்தில் தாளில் பூஞ்சை பிடிக்கும். கடற்கரைப் பக்கம் வீடென்றால் கேன்வாஸை இறுக்கிய கம்பிகள் துரு ஏறி, துணியில் பழுப்புப் புள்ளி விழும். இந்தச் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கில் எழுதுவதில்லை.

ஒரே குரலில் பேசுகிற பதினைந்து படங்களாவது இருந்தால் இந்த வழி சரி. “நான் நன்றாக வரைகிறேனா” என்று தெரிந்துகொள்ள நடத்துவதாக இருந்தால் வேண்டாம். அதற்கு நாலு மூத்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது மலிவு. நாலு பேர் சேர்ந்து குழுக் கண்காட்சி நடத்துவது இரண்டுக்கும் நடுவே. வாடகை நாலாகப் பிரியும், சொந்தக்காரர் கூட்டம் நாலாகப் பெருகும், ஒருவரைப் பார்க்க வந்தவர் இன்னொருவரையும் பார்த்துவிட்டுப் போவார்.

## கேலரி

வங்கி ஊழியரின் நாற்பது சதவீதத்துக்கு வருகிறேன். கேலரிக் கழிவு பொதுவாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இருக்கும். நாற்பதாயிரம் ரூபாய்ப் படத்தில் நாற்பது சதவீதம் போனால் கையில் வருவது இருபத்து நாலாயிரம். வண்ணம், தாள், ஃபிரேம் என்று ஐயாயிரம் கழித்தால் பத்தொன்பது. கேட்கும்போது வயிறு எரியும், உண்மைதான்.

ஆனால் அந்தப் பதினாறாயிரம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். சென்னையில் சரளா ஆர்ட் சென்டர் 1965-இல் தொடங்கியது, அப்பாராவ் கேலரி 1984-இல். இத்தனை ஆண்டுகளில் ஒரு கேலரி சேர்த்து வைத்திருப்பது வாங்குகிறவர்களின் நம்பிக்கையை. “இவர் சொன்னால் வாங்கலாம்” என்று நினைக்கிற ஐம்பது வீடுகளை நீங்கள் தனியாகச் சேர்க்க எத்தனை காலம் ஆகும்? கேலரிக்காரர் வாய் திறப்பது தன் பெயரையும் பணயம் வைத்து. சாட்சிகளிலேயே கனமான சாட்சி அதுதான். விலையும் அவர் காவலில் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. கேலரி விலைக்குக் குறைத்து வீட்டிலிருந்து விற்க முடியாது. விற்றால் அன்றோடு உறவு முடிந்தது. சிலர் ஊரில் வேறெங்கும் காட்டக்கூடாது என்பார்கள். விற்ற பணம் வரத் தாமதமாகலாம். கொடுத்த படத்துக்கு ரசீது கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம் வேறு. எனக்கும் இருந்தது. ஒரு கேலரியில் வைத்த படம் பதினாலு மாதம் கழித்து மூலை நசுங்கித் திரும்பி வந்தது. கொடுக்கும்போது எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள் கூட இல்லை, ஆகவே வாதாடவும் முடியவில்லை. படத்தின் பெயர், அளவு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா), விலை, கழிவு, எத்தனை மாதம், சேதமானால் யார் பொறுப்பு, விற்றால் எத்தனை நாளில் பணம். இந்த எட்டும் ஒரு தாளில் இருக்கட்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். நல்ல கேலரிக்காரர் இதைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார், அவரே எடுத்து நீட்டுவார்.

வரியைப் பற்றி ஒரு வரி: ஓவியத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலை பேசும்போது வரி உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நிற்பது எனக்குப் பலித்ததில்லை. பிறர் கண்காட்சித் திறப்புகளுக்கு ஓராண்டு போய், படங்களைப் பார்த்து, தேநீர் குடித்து, எதையும் கேட்காமல் திரும்பி வாருங்கள். ஒருநாள் அவர்களே கேட்பார்கள்.

## ஆர்டர் வேலை

உருவப்படம், ஓட்டல் சுவர், அடுக்குமாடி நுழைவாயில், கோயில் சுதை வேலைக்கு வண்ணம். மாதக் கடைசியில் கை கொடுப்பது இதுதான். என் மகளின் பள்ளிக் கட்டணம் பாதி, யாரோ ஒருவருடைய தாத்தாக்களின் மீசையில் கட்டியது.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைத் தெரியாத சென்னைக்காரர் இல்லை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. நம் கவின்கலைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பத்துப் பேரிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பொது இடத்து வேலையின் குணம் அது. வேலை ஊருக்குச் சொந்தமாகிவிடும், பெயர் பின்னால் தங்கிவிடும். கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் 2020-இல் வரைந்த பெரிய ஓவியங்களும் அப்படியே. படத்தின் முன் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் மூலையில் இருக்கும் பெயரைப் படிப்பதில்லை. சுவர் ஓவியம் வரைந்தால் பெயரைக் கண் மட்டத்தில், ஆள் உயரத்தில் எழுதுங்கள். அடக்கத்துக்கு வேறு இடம் இருக்கிறது.

சட்டம் இதைவிட முக்கியம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். வரைந்த நீங்கள் இல்லை! அந்தப் படத்தை அவர் நாட்காட்டியாக அச்சிடலாம், மிட்டாய்ப் பெட்டியில் போடலாம். மூலப்படம் மறுபடி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலைபோனால் ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு என்று 53ஏ பிரிவு சொல்கிறது, அதிகபட்சம் பத்து சதவீதம். ஆனால் அது முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்குத்தான். ஆர்டர் படத்தில் அதுவும் போயிற்று. “பதிப்புரிமை ஓவியருக்கே” என்று ஒரு வரி, அட்வான்ஸ் வாங்கும் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் இத்தனையும் மாறிவிடும்.

பறிபோகாத உரிமை ஒன்றும் இருக்கிறது. 57-ஆம் பிரிவின்படி, இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், என் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் உரிமையை விற்ற பிறகும் முடியும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சிதைத்ததற்காக அமர்நாத் சேகல் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடம் திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது.

ஆர்டரில் சாட்சி சொல்பவர் வாடிக்கையாளர். அவர் சொல்வது “சொன்ன தேதிக்குக் கொடுத்தார், அப்பாவை அச்சாக வரைந்தார்” என்பது. அடுத்த ஆர்டருக்கு அது பொன். உங்கள் சொந்தப் படத்துக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. ஆனால் ஆர்டர் வேலையில் நான் எதிர்பாராத சாட்சி ஒருவர் கிடைத்தார்: அதே ஃபிரேம் கடைக்காரர். கடனை மூன்று தவணையில் ஒழுங்காக அடைத்தேன் என்பதற்காக, கடைக்கு வந்த ஒரு கட்டட வடிவமைப்பாளரிடம் என் எண்ணைக் கொடுத்தார். அந்த ஒரு எண்ணிலிருந்து ஆறு வேலைகள்.

## விருதும் போட்டியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லலித் கலா அகாதமியின் தேசியக் கண்காட்சிக்கும் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவின் கண்காட்சிகளுக்கும் ஆண்டுதோறும் கவனம் வைத்து அனுப்புங்கள். கிடைத்தால் சாட்சி சொல்பவர்கள் தொழில் தெரிந்த நடுவர்கள். கிடைக்காவிட்டால் அதைக் கெட்ட பெயர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அதை நம்பி ஆண்டைத் திட்டமிட வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அனுப்பிய எல்லோருக்கும் “சர்வதேச விருது” என்று கோப்பை கொடுக்கிற கூட்டம் பெருகிவிட்டது. தன்விவரக் குறிப்பில் இப்படி ஏழு இருந்தால், படிக்கிற கேலரிக்காரர் எட்டாவதாக இருக்கும் உண்மையான விருதையும் நம்பமாட்டார்.

## இன்ஸ்டாகிராம்

அந்த இளைஞர் சொன்னது சரியான நோய்க்குறிப்பு. கூட்டம் பாராட்டும், ஆனால் சாட்சி சொல்லாது. முப்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், அடையாறு வடிவமைப்பாளரின் கூடத்தில் உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்ல ஒருவர் வேண்டும். தூரிகை ஓடும் முப்பது விநாடிக் காட்சிக்கு விழுகிற பாராட்டு பெரும்பாலும் கைவேகத்துக்கு விழுவது. அதை நம்பி அதேபோல் வரைந்துகொண்டே போனால், மூன்றாம் ஆண்டில் நீங்கள் உங்களையே நகலெடுத்துக்கொண்டிருப்பீர்கள். மறைசெலவு என்று நான் சொல்வது இதை.

படத்தை நாலு பேர் கண்ணில் படவைக்கும் இந்த வேலையை ஒரு காலத்தில் பத்திரிகைகள் செய்தன. ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைச் சிற்றிதழ்களிலும் புத்தக அட்டைகளிலும் பார்த்தவர்களில் பலர் கேலரி வாசலை மிதிக்காதவர்கள். அவர் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார், பத்திரிகைகளுக்கு வரைந்தார், எண்ணெய் வண்ணத்தில் அருவ ஓவியங்களும் செய்தார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள் சாட்சி. இன்றைக்கு இன்ஸ்டாகிராமை அந்த அட்டைப்படம்போல வைத்துக்கொள்ளலாம். முகவரிச் சீட்டாகவும், தேதியோடு கூடிய பதிவேடாகவும் அது உதவும். கேலிச்சித்திரம், புத்தக ஓவியம், பரிசுப்பொருள் வரைபவர்களுக்கு இதுவே முதல் வழியாகவும் இருக்கலாம். கேன்வாஸில் பெரிய படம் செய்பவருக்கு இரண்டாம் வழிதான்.

## சம்பள வேலையை விடலாமா?

மூவருமே இதையும் கேட்டார்கள். ஓவியர் அச்சுதன் கூடலூர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். கவின்கலைக் கல்லூரி வளாகத்தில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பழகியவர். 1988-இல் லலித் கலா அகாதமியின் தேசிய விருது பெற்றார். சோழமண்டலம் 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் எழுந்ததும் அங்கிருந்தவர்கள் மெழுகு தடவிச் சாயமிடும் பாத்திக் துணியும் கைவினைப்பொருளும் செய்து விற்ற காசில்தான். வயிற்றுக்கு வேறு ஏற்பாடு இருந்ததால் படத்தின் விலையைக் குறைக்க வேண்டிய அவசரம் இல்லை. வேலையை விட்டால்தான் ஓவியர் என்று மதிப்பார்கள் என்பது சினிமாவில் வருகிற வசனம்.

## மூவருக்கும் சொன்னது

வங்கி ஊழியரை நாற்பது சதவீதத்துக்கு ஒத்துக்கொள்ளச் சொன்னேன். சம்பளம் வருகிறது, விற்பனைப் பணம் தாமதமானால் தாங்குவார். நேரம் இல்லாதவர், ஆள் தேடுகிற வேலையைக் கேலரி செய்யட்டும். ஆனால் அந்த எட்டு விவரத் தாள் இல்லாமல் ஒரு படத்தையும் வாசல் தாண்ட விடக்கூடாது. கேட்டுவிட்டு, “தாள் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ” என்றார். வங்கியில் கடன் கொடுக்கும்போது கையெழுத்து வாங்குவதில்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

இளைஞரிடம், ஆறு மாதம் எதையும் பதிவேற்றாமல் பன்னிரண்டு படங்கள் செய்யச் சொன்னேன். முடிந்தால் கிரீம்ஸ் சாலை அகாதமியில் ஓவியர்கள் சேர்ந்து வேலை செய்யும் கூடங்களில் இடம் வாங்கி அங்கேயே வேலை செய்யட்டும். பக்கத்து மேசைக்காரர் தினமும் பார்ப்பார். ஆறு மாதம் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து மூன்று மாதமாகக் குறைத்தேன்.

வியாசர்பாடிப் பெண்ணிடம் எத்தனை படங்கள் தயார் என்று கேட்டேன். பத்தொன்பது. போனில் காட்டினார். அவற்றில் பதினொன்று, தண்டவாளத்துக்கு அப்பால் தெரியும் மாடிகள், துணி உலர்த்தும் கயிறுகள், நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள். மற்ற எட்டும் கல்லூரியில் யாரோ சொல்லிக்கொடுத்தவை. தனிக் கண்காட்சிக்கு இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். இப்போது மூன்று தோழிகளோடு குழுக் கண்காட்சி, அவர் பங்குக்கு ஐந்து மாடிப் படங்கள், எல்லாச் செலவும் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள். பத்தாயிரத்துக்கு நல்ல வெளிச்சத்தில் எல்லாப் படங்களையும் ஒளிப்படம் எடுத்து, எண், அளவு, ஆண்டு, விலை போட்ட பதிவேடு. மீதி ஒரு லட்சத்தைத் தொட வேண்டாம். ஃபிரேமுக்கு எங்கே போவது என்று கேட்டார். கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தேன். கடன் சொன்னால் கொடுப்பார், தவணை தவறக்கூடாது என்றும் சொன்னேன்.